ஐயர் மாறினால் சபை கலையலாமா?

மும்பைத் தமிழ்ச் சபைகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. ஐயர் மாற்றலாகிப் போனால் சபையில் பாதியும் அவரோடு போய்விடும். வேறு சபைக்குப் போகாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்துக்கொள்வார்கள். புதிய ஐயர் வந்து, சாலுக்குச் சால் ஏறி இறங்கி, மறுபடி ஆளைச் சேர்ப்பதற்குள் அவருக்கும் மாற்றல் உத்தரவு வந்துவிடும்.

போன ஐயர் நல்லவர்தான். அவர் இருந்தவரை எல்லாம் நடந்தது. ஆனால் எல்லாவற்றையும் அவரே செய்தார். ஜெபம் அவர், பாட்டு எடுத்துக் கொடுப்பது அவர், ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்ப்பது அவர், புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்ப்பது அவர், ரேஷன் கார்டுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் அவர். சபையாருக்கு வேலை இரண்டே இரண்டு. உட்காருவது, காணிக்கை போடுவது.

ஊழியம் இதற்காக ஏற்பட்டதல்ல. மேய்ப்பரும் போதகரும் எதற்காகச் சபைக்குக் கொடுக்கப்பட்டார்கள் என்பதற்கு, எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் பவுல் காரணம் சொல்லியிருக்கிறார். விசுவாசிகளை ஊழியத்துக்குத் தயார் செய்வதற்கு. காற்றடிக்கிற பக்கமெல்லாம் அலைகிற குழந்தைகளாக இல்லாமல் அவர்கள் வளர்ந்த ஆட்களாக நிற்பதற்கு. ஐயர் செய்து தருகிறவர் அல்ல, செய்யப் பழக்குகிறவர் என்றுதான் இதற்குப் பொருள். பையன் பத்து வருஷம் பட்டறையில் இருந்தும் உளியைத் தொடவில்லை என்றால், மேஸ்திரி எவ்வளவு கெட்டிக்காரராயிருந்து என்ன பயன்?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "நம் ஜனங்களுக்கு நேரம் ஏது? விடியற்காலை லோகலைப் பிடித்தால் ராத்திரிதான் வீடு. ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி. படிப்பும் குறைவு. இவர்களை வைத்து என்ன செய்வது?" நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் இதைவிடக் கடினமான இடத்தில் ஒரு தமிழர் இதைச் செய்து காட்டியிருக்கிறார்; அதுவும் வெளி மாநிலத்தில், வேறு பாஷையில்.

சென்னையிலிருந்து டில்லி போகும் ரயில் பாதையில், விஜயவாடாவும் கம்மமும் கடந்தால் டோர்ணக்கல் சந்திப்பு வரும். பழைய நெல்லை ஜில்லா வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1909இல் அங்கே போய் இறங்கினார். அப்போது அது நிஜாம் ராஜ்யம். ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராக இருந்தவர், தெலுங்கு நாட்டுக் கிராமங்களுக்கு மிஷனெரியாகப் புறப்பட்டார். அவரை அனுப்பிய இந்திய மிஷனெரி சங்கமும் வெள்ளைக்காரர்கள் ஏற்படுத்தியதல்ல; 1903இல் நெல்லைக் கிறிஸ்தவர்கள் தாங்களே தொடங்கியது. 1912இல் கல்கத்தாவில் அசரியா பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே.

அவரிடம் வந்து சேர்ந்தவர்கள் யார்? பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். பண்ணை வேலைக் கூலிகள். எழுத்து வாசனை இல்லை. கூலி கிடைக்காத நாளில் கஞ்சியும் இல்லை. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருப்பவருக்கு நேரமில்லை என்றால், அந்தக் கூலிக்கு மட்டும் நேரம் இருந்ததா? அவர்களை உட்கார வைத்துப் போதித்துவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அசரியா ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்து ஓர் உறுதி சொல்லச் செய்வார். இனி நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லாமலிருந்தால் அது தனக்கே கேடு என்ற கருத்துள்ள உறுதி. நேற்றுச் சேர்ந்தவருக்கு இன்று பொறுப்பு! படித்து முடித்த பிறகு பார்க்கலாம் என்று அவர் ஒத்திப் போடவில்லை.

கொடுப்பதையும் அவர் அப்படியே பழக்கினார். ஏழைகளிடம் என்ன வாங்குவது என்று கூச்சப்படவில்லை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கச் சொன்னார். வாங்கிப் பழகியவர் வாங்கிக்கொண்டே இருப்பார், கொடுத்துப் பழகியவரே தலை நிமிர்வார் என்பது அவர் கணக்கு. 1930களின் நடுவில் அந்த மாவட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இந்தியக் குருமார்களும், ஆயிரத்துக்கு மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் இருந்தார்கள். இந்தக் கூலிகளின் குடியும் சண்டையும் குறைந்து, நடை சுத்தமானதைப் பார்த்துச் சாதிக்காரர்கள் பலரும் சபையைத் தேடி வந்தார்கள். மதமாற்றம் பற்றி அசரியாவுக்கும் காந்தியடிகளுக்கும் இருந்த கருத்து வேறுபாடு பெரிய விஷயம்; அது தனியாக எழுத வேண்டியது.

டோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டை ஆனது 1939இல். அவர் பேராயராகி 26 ஆண்டுகளுக்குப் பிறகு! மும்பையில் முப்பது குடும்பம் சேர்ந்தால் முதல் வேலை கட்டட நிதி ரசீதுப் புத்தகம் அச்சடிப்பது. இரண்டாவது வேலை அந்த நிதிக்கு யார் பொருளாளர் என்று சண்டை போடுவது.

விசுவாசத்தில் வளர்ந்ததற்கு அடையாளம் எது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. மூன்று நாள் கன்வென்ஷனில் கண்ணீர் விட்டவர் வளர்ந்தவர் என்று நினைக்கிறார்கள். கூட்டம் முடிந்த மறுநாள் சீட்டுப் பணத்தை ஏமாற்றினால் அந்தக் கண்ணீர் எதற்கு? பத்து வட்டிக்குக் கடன் கொடுத்து, தவணை தவறியவனை வாசலில் நின்று திட்டுகிறவர் சபைக் கமிட்டியில் இருக்கலாமா? தாராவிக்கு வந்து மூன்று தலைமுறை ஆன பிறகும் பெண் கேட்கும்போது முதல் கேள்வி சாதி என்றால், அந்தச் சபை இன்னும் பால் குடிக்கிற பருவத்தில்தான் இருக்கிறது. அறைத் தோழனுக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு நாள் சம்பளத்தை விட்டு அவனை சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற பையன் பைபிளைத் தடுமாறி வாசிப்பான். அவனே வளர்ந்தவன்.

ஐயர்மாரை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. ஒருவரே மூன்று நான்கு இடங்களைப் பார்த்துக்கொள்கிறார். சம்பளம் சொல்லும்படியாக இல்லை. எல்லாவற்றையும் தானே செய்துவிடுவது அவருக்கும் சுலபம், சபையாருக்கும் சௌகரியம். ஒரு பிட்டரிடம் ஜெபம் நடத்தும் பொறுப்பைக் கொடுத்தால் முதல் இரண்டு வாரம் அவர் உளறுவார். பின் வரிசையில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொள்ள ஐயருக்கும் தைரியம் வேண்டும், பிட்டருக்கும் தைரியம் வேண்டும்.

மே மாதம் பள்ளி விடுமுறைக்கு ஐயர் குடும்பத்தோடு ஊருக்குப் போவார். வழக்கமாக அந்த நான்கு ஞாயிறுக்கும் வெளியிலிருந்து ஒரு பிரசங்கியாரை, வண்டிச் சத்தம் கொடுத்து அழைப்பார்கள். அடுத்த மே மாதம் யாரையும் அழைக்காமல் இருந்து பார்க்கட்டும். ஒரு வாரம் வாட்ச்மேன், ஒரு வாரம் கிளார்க், ஒரு வாரம் வீட்டு வேலைக்குப் போகிற அம்மாள், ஒரு வாரம் காலேஜ் பையன். ஐயர் திரும்பி வந்ததும் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்க வேண்டாம். நோயாளிகளை யார் போய்ப் பார்த்தது என்று கேட்கட்டும்.