மன்னிப்பின் விலை

1918 உள்நாட்டுப் போர் முடிந்தபின் பின்லாந்தின் சிறைமுகாம்களில் பசியாலும் நோயாலும் தோற்ற இடதுசாரிப் படையினரான செங்காவலர் கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அந்தப் பகையின் சூடு ஆறுவதற்குள் உள்துறை அமைச்சரானவர் ஹெய்க்கி ரிதவுவோரி. வழக்கறிஞர், தேசிய முற்போக்குக் கட்சி என்ற தாராளவாதக் கட்சிக்காரர். அதிபர் ஸ்டால்பெரியின் நம்பிக்கைக்குரியவர்.

தோற்றவர்களுக்குப் பொதுமன்னிப்பு வேண்டும் என்று வாதாடினார். சோவியத் கரேலியாவில் கலகம் மூண்டபோது, ஆயுதங்களோடு எல்லை தாண்டிய பின்லாந்துத் தன்னார்வலர்களுக்குக் கடிவாளம் போட்டார். நாட்டை மறுபடி ஒரு போரில் இழுத்துவிடக்கூடாது என்பதே அவர் கவலை. வலதுசாரி ஏடுகள் அவரைத் துரோகி என்று தூற்றின.

1922 பிப்ரவரி 14. வேலை முடிந்து ஹெல்சிங்கியில் தன் வீட்டு வாசலை அடைந்தவரை எர்ன்ஸ்ட் தாண்டெஃபெல்ட் என்ற பிரபுகுலத்தவன் சுட்டுக் கொன்றான். ரிதவுவோரிக்கு வயது 41. சுதந்திர பின்லாந்தில் பதவியிலிருக்கும்போதே கொலையுண்ட அமைச்சர் அவர் ஒருவர்தான்.

நாளேடுகளின் வசைகள் தன்னைத் தூண்டியதாகக் கொலையாளியே சொன்னான். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நம்மைச் சுட வேண்டிய வாக்குமூலம் இது. தண்டனை அவனுக்கு மட்டுமே கிடைத்தது. பழியில் அந்த ஏடுகளுக்கும் பங்குண்டு என்பதே நம் கருத்து.