ஒரிஜினல் சிடி ஓடாது, ஐம்பது ரூபாய் சிடி ஓடும்!

இந்தப் பொங்கல் லீவுக்குத் திருமங்கலம் வந்த ஒரு அண்ணன், பரணை ஒழிக்கும்போது ஒரு அட்டைப்பெட்டியைக் கண்டெடுத்தார். உள்ளே இரண்டு கேம் சிடிக்கள். ஒன்று இஏ ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07, இன்னொன்று ஜிடிஏ 3. இரண்டுமே ஒரிஜினல். பத்தாம் வகுப்பில் 450க்கு மேல் எடுத்தால் வாங்கித் தருவதாக அப்பா சொல்லி, 2007-ல் மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் பேரம் பேசாமல் வாங்கிக் கொடுத்தவை. (அந்த அப்பா பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள்.)

சித்தப்பா பையனிடம் புது லேப்டாப் இருந்தது. அதில் சிடி டிரைவ் கிடையாது. வெளியே செருகும் டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கி வந்து போட்டார்கள். கிரிக்கெட் 07 இன்ஸ்டால் ஆனது, ஆனால் ஏதோ ஒரு டி.எல்.எல் கோப்பைக் காணோம் என்று நின்றுவிட்டது. ஜிடிஏ 3 அதைவிட மோசம். டபுள் கிளிக் செய்தால் சுட்டி ஒரு சுற்று சுற்றும், அவ்வளவுதான். எரர் மெசேஜ்கூட வராது. மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மதுரையில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வரி: "இதெல்லாம் பழசு தம்பி, நெட்டுல கிராக் பண்ணுனது கெடக்கும், எறக்கிக்கங்க."

அந்த ஒரு வரியில் இரண்டு தப்பு இருக்கிறது. பழசானதால் ஓடவில்லை என்பது முதல் தப்பு. காசு கொடுத்து வாங்கியவனைத் திருட்டுக் காப்பி தேடச் சொல்வது இரண்டாவது தப்பு. ஆனால் இரண்டுக்கும் அந்தக் கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. அவரை அப்படிச் சொல்ல வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு பழைய கேம் திறக்காமல் அடம் பிடிப்பதற்குப் பெரும்பாலும் நான்கே காரணங்கள்தான்.

1. 16 பிட் பிரச்சினை. 90களில் வந்த பல கேம்கள் 32 பிட்டாக இருந்தாலும், அவற்றின் இன்ஸ்டாலர் 16 பிட். 64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராமைத் தொடவே தொடாது. 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 2011-ல் தமிழக அரசு முதலில் கொடுத்த இலவச லேப்டாப்புகளில் இருந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட் என்பதால், அதில் இந்தத் தொல்லை இல்லை.

2. துணைக் கோப்புகள் இல்லாதது. டி.எல்.எல் காணோம் என்று வருவது பெரும்பாலும் பழைய டைரக்ட்எக்ஸ் 9-ன் கோப்புகள். மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் தொகுப்பை நிறுவினால் வந்துவிடும். கண்ட தளத்தில் போய் ஒரே ஒரு டி.எல்.எல் கோப்பை மட்டும் இறக்குவது வினையை விலைக்கு வாங்குகிற வேலை.

3. அனுமதிப் பிரச்சினை. எக்ஸ்பி காலத்து கேம்கள் தங்கள் சேவ் கோப்பைப் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதப் பார்க்கும். விஸ்டாவுக்குப் பிறகு விண்டோஸ் அதைச் சும்மா விடாது. கேமை வேறு ஃபோல்டரில் நிறுவினாலோ, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினாலோ, எக்ஸ்பிக்கான கம்பாட்டிபிலிட்டி மோடைப் போட்டாலோ பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

4. பூட்டு.

முதல் மூன்றும் வயசுக் கோளாறு. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல, பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு சாயங்காலத்தில் சரிசெய்துவிடலாம். டாஸ் காலத்து கேம் என்றால் டாஸ்பாக்ஸ் இருக்கிறது, இலவசம். கிரிக்கெட் 07 இரண்டாவது வகை. டைரக்ட்எக்ஸ் தொகுப்பைப் போட்டதும் திறந்துவிட்டது.

நான்காவது அப்படியல்ல. அது வேண்டுமென்றே வைத்தது. 2000களின் தொடக்கத்தில் வந்த ஏராளமான கேம்களில் சேஃப்டிஸ்க் என்றொரு பூட்டு இருந்தது. மேக்ரோவிஷன் நிறுவனத்தின் சரக்கு. டிரைவில் இருப்பது உண்மையான சிடிதானா என்று பார்க்க, விண்டோஸின் அடிமடிக்கே போய் ஒரு டிரைவர் கோப்பாக உட்கார்ந்துகொள்ளும். 2007-ல் அந்த டிரைவரிலேயே ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியே வந்தது. அதன் வழியாகக் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும்! கேமைக் காக்க வைத்த காவல்காரனே வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட கதை. 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் அந்த டிரைவரை மைக்ரோசாஃப்ட் சேர்க்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விண்டோஸ்களிலும் ஒரு அப்டேட் மூலம் அதை முடக்கியது.

மைக்ரோசாஃப்ட் செய்தது சரிதான். ஓட்டைப் பூட்டை யாரும் வாசலில் தொங்கவிட மாட்டார்கள். கேள்வி கேம் கம்பெனிகளுக்கு. பூட்டு செத்துவிட்டது என்று தெரிந்த பிறகு, அதைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன பேட்ச் வெளியிட என்ன தடை? கேமில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. ஆனாலும் பழைய சிடி வைத்திருந்தவர்களைப் பற்றி ரொம்பக் கம்பெனிகள் கவலைப்படவில்லை. பூட்டைப் போட்டவன் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டுப் போய்விட்டான். வீடு வாங்கியவன் தெருவில் நிற்கிறான்.

இதில் உச்சகட்டக் கொடுமை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பஜார்களில் பாலித்தீன் கவரில் போட்டு ஐம்பதுக்கும் நூறுக்கும் விற்ற காப்பி சிடிக்களை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பூட்டை முன்னாலேயே உடைத்துத்தான் வைத்திருப்பார்கள். அதனால் ஜிடிஏ 3-ன் ஐம்பது ரூபாய் சிடி விண்டோஸ் 11-லும் ஓட வாய்ப்பு இருக்கிறது. அப்பா பேரம் பேசாமல் வாங்கிக் கொடுத்த ஒரிஜினல் ஓடாது! திருடனைத் தடுக்க வைத்த பூட்டு, கடைசியில் யாரைத் தடுத்தது? காசு கொடுத்தவனை மட்டும்.

"நீங்கள் கேமை வாங்கவில்லை, உபயோகிக்க உரிமம் மட்டும்தான் வாங்கினீர்கள்" என்று கம்பெனிகள் சொல்வதுண்டு. பி.காம் படிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு பழைய வழக்கு ஞாபகம் வர வேண்டும். டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு, உச்ச நீதிமன்றம், 2004. சிடியில் அடைத்து விற்கிற ரெடிமேட் சாஃப்ட்வேர் "சரக்கு"தான், அதற்கு விற்பனை வரி உண்டு என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. வரி போடும்போது அது சரக்கு. வாங்கியவன் "ஓடவில்லையே" என்று கேட்டால் மட்டும் அது உரிமம். இது எந்த ஊர் நியாயம்? 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், வாங்கியவன் பொருளை இடைஞ்சல் இல்லாமல் வைத்து அனுபவிக்கலாம் என்பதை ஒரு மறைமுக உறுதிமொழியாகவே சொல்கிறது. முதலாம் ஆண்டிலேயே இதை மனப்பாடம் செய்து ஐந்து மார்க் வாங்குகிறோமே, கேம் சிடிக்கு மட்டும் ஏன் மறந்துபோகிறது?

பதிப்புரிமைச் சட்டமும் முழுக்கக் கம்பெனி பக்கம் சாயவில்லை. 1957-ம் ஆண்டு சட்டத்தின் 52-வது பிரிவு, புரோகிராமைச் சட்டப்படி வைத்திருப்பவர் அது எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்குப் பயன்படுத்துவதற்காகக் காப்பி எடுக்கவும் மாற்றியமைக்கவும் இடம் கொடுக்கிறது. பேக்கப் எடுத்து வைக்கவும் இடம் உண்டு. 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது, இரண்டு ஆண்டு வரை சிறை. ஆனால் "உரிமையை மீறும் நோக்கத்துடன்" உடைத்தால்தான் குற்றம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தன் சிடியைத் தன் லேப்டாப்பில் ஓட்டப் பார்க்கிறவனுக்கு அந்த நோக்கம் எங்கே இருக்கிறது?

ஆகவே சட்டம் அவனைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் சாவி எங்கே கிடைக்கும்? கம்பெனி தராது. கிராக் தளத்தில்தான் கிடைக்கும். அங்கே இறக்குகிற கோப்புக்குள் கேம் இருக்கிறதா, வைரஸ் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அதே லேப்டாப்பில்தான் டேலி கணக்கு, புராஜெக்ட், வீட்டாரின் நெட் பேங்கிங் எல்லாம் இருக்கிறது. நேர்மையாக வாங்கியவனை இந்தக் குப்பைத் தொட்டிக்குள் கைவிட வைத்தது யார்?

மதுரையைச் சுற்றி மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் போனால், எப்போதோ வாங்கிய டிவிஎஸ் 50 இன்னமும் நெல் மூட்டை சுமந்து ஓடுவதைப் பார்க்கலாம். கம்பெனி அதற்கு ஆயுள் முழுக்க சர்வீஸ் செய்யவில்லை. தெருமுனை மெக்கானிக் கழற்றி மாட்டுகிறார். அதைத் திறக்க அவருக்கு யாரும் தடை போடவில்லை, அதனால் ஓடுகிறது. கேமுக்கும் இவ்வளவுதான் கேட்கிறோம்.

"இருபது வருசத்துப் பொருளுக்குக் கம்பெனி எப்படிப்பா செலவு செய்யும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. யாரும் ஆயுள் முழுக்க சர்வீஸ் கேட்கவில்லை. கைவிடும்போது பூட்டைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்கிறோம். முடியாத காரியமும் இல்லை. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997-ல் டூம் கேமின் மூல நிரலையே வெளியிட்டது. அதனால்தான் 1993-ல் வந்த டூம் இன்றைக்குக் கிட்டத்தட்ட எந்த மிஷினிலும் ஓடுகிறது. போலந்தில் 2008-ல் தொடங்கிய ஜிஓஜி தளம் பழைய கேம்களைப் பூட்டே இல்லாமல் விற்று வியாபாரம் செய்து காட்டியது.

கிரிக்கெட் 07 கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006 நவம்பரில் வந்தது. அதற்குப் பிறகு இஏ கம்ப்யூட்டருக்கு ஒரு கிரிக்கெட் கேம்கூட எடுக்கவில்லை. அதில் இந்திய வீரர்களின் பெயர்கள்கூட உண்மையான பெயர்கள் இல்லை, உரிமம் இல்லாததால் மாற்றி வைத்திருந்தார்கள். ஐபிஎல் தொடங்கியதே 2008-ல்தான். ஆனாலும் இன்றைக்கு அதே கேமில் சிஎஸ்கே மஞ்சள் சட்டையில் ஆட முடிகிறது. பெயர், சட்டை, மைதானம் எல்லாம் ரசிகர்கள் சம்பளம் வாங்காமல் செய்தவை. ஒரு பொருளைக் கம்பெனி கைவிட்ட பிறகும் ஜனங்கள் கைவிடவில்லை. குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

இனி வரப்போவது இன்னும் மோசம். யூபிசாஃப்டின் த க்ரூ கேமை 2014-ல் விற்றார்கள், 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஆடுகிறவனுக்கும் சேர்த்துத்தான் கேம் செத்தது. அதிலிருந்து கிளம்பிய "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், வெறும் உரிமத்தை விற்றுவிட்டு "வாங்குங்கள்" என்று மொட்டையாகப் போட முடியாது, அது உரிமம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம்மிடம் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் இரண்டே இரண்டு விதி போதும். இந்தப் பொருள் எத்தனை வருடம் ஓடும் என்று விற்கும்போதே அட்டையில் போடு. கைவிடும் அன்றைக்குப் பூட்டைக் கழற்று.

"போயும் போயும் ஒரு கேமுக்கா இவ்வளவு?" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். இன்றைக்கு கேம். நாளைக்குக் காசு கொடுத்து வாங்கிய பாடப்புத்தகம், கணக்கு சாஃப்ட்வேர், டிவி, டிராக்டர் எல்லாமே இதே மாதிரி ஒரு சர்வர் சாவியில்தான் திறக்கும். அன்றைக்குக் கேட்கலாம் என்றிருந்தால் அன்றைக்குக் கேட்க வாய் இருக்காது.

திருமங்கலத்தில் அன்று ராத்திரி அண்ணனும் தம்பியும் கிரிக்கெட் 07-ல் ஒரு மேட்ச் ஆடினார்கள். அண்ணன் தோற்றார் :) அப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இன்னொண்ணு என்னாச்சுடா, அதுக்கும் சேத்துத்தான காசு குடுத்தேன்?" என்று கேட்டார்.

அண்ணனிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியது அவரும் இல்லை.

பி.கு: பழைய ஒரிஜினல் சிடி வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கீறல் விழும் முன் பேக்கப் எடுத்து வையுங்கள். மேலே சொன்ன 52-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது.