கவரிங்கில் 916 முத்திரை

"இது யாரோட இனிஷியலுடி?"

உப்பிலியபுரம் வீட்டுத் திண்ணையில் என் புதுக் கைப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள். எல், வி. எவர்சில்வர் தூக்கில்கூடப் பேர் வெட்டி வாங்குகிற வீடு, கேட்கத்தானே செய்வாள்? லூயி வித்தோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர், பெட்டி செய்யறவர், அவர் பேரும்மா என்றேன். அதை 4,200 ரூபாய்க்கு வாட்ஸ்அப்பில் வாங்கினேன், அது ஃபர்ஸ்ட் காப்பி என்பதைச் சொல்லவில்லை.

அந்த எழுத்தும் பூவும் கோத்த டிசைன் 1896இல் வந்தது. லூயியின் மகன் ஜார்ஜ் கொண்டுவந்தார். அப்பாவின் பெட்டிகளை ஊரெல்லாம் காப்பியடித்ததுதான் ஒரு முக்கியக் காரணம். இன்றைக்குக் காப்பியடிப்பவர்கள் முதலில் அச்சடிப்பதே அதைத்தான்.

ஏன் வாங்கினேன்? சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் மீட்டிங் என்றால் எல்லோரும் பையை மேஜைமேல் வைப்பார்கள். நான் மட்டும் என் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிடுவேன். துறையூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு காலேஜ் போனவள் என்பது என் இங்கிலீஷில் ஏற்கெனவே தெரியும். பையிலும் தெரிய வேண்டுமா? இந்த ஆசையைக் கேலி செய்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. அவர்களில் பாதிப் பேர் மேஜைமேல் பை வைப்பவர்கள்.

என் சண்டை காப்பியைப் புரட்சியாக்கும் நண்பர்களோடு. "கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான், நாம ஏன் ஏமாறணும்?" கொள்ளை என்பதில் உண்மை இருக்கிறது. 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் டியோரின் ஒரு உற்பத்திப் பிரிவை நிர்வாகக் கண்காணிப்பில் வைத்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற பையைத் தைத்துச் சேர்க்க ஒப்பந்தப் பட்டறைக்குக் கொடுத்தது 53 யூரோ. தோல் செலவு தனி. தொழிலாளர்கள் பட்டறையிலேயே படுத்துத் தூங்கினார்கள்.

சரி, என் 4,200 ரூபாய்ப் பையைத் தைத்தவர் எங்கே தூங்கினார்? மிலானிலாவது கேட்க ஒரு கோர்ட் இருந்தது. பேரே இல்லாத பட்டறையை யார் கேட்பது? அதோடு, கம்பெனியை எதிர்க்கிறவள் கம்பெனி பேரைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிவாளா? அந்தப் பேருக்கு மதிப்பு இருக்கிறது என்று மேஜைக்கு மேஜை போய், சம்பளம் வாங்காமல் விளம்பரம் செய்தவள் நான்.

போலி என்றாலே கேவலம் என்கிறேனா? இல்லவே இல்லை. நம் ஊரில் கவரிங் போடாத கல்யாணம் உண்டா? சிதம்பரம் கவரிங்குக்கு ஊர்ப் பேரே அடையாளம். திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு செயற்கை வைரம் பட்டை தீட்டினார்கள். அமெரிக்கன் டைமண்ட் தோடு என்று பேர் சொல்லியே விற்றது, பேர் சொல்லியே போட்டார்கள். அம்மா பஸ்ஸில் கவரிங் போட்டுப் போவாள், கேட்டால் "கவரிங்குதான்" என்பாள். அந்தக் கவரிங்கில் ஒருவன் 916 முத்திரை குத்தி விற்றால் போலீசுக்குப் போவோம். ஃபர்ஸ்ட் காப்பி அந்த வேலைதான். அதே மாடலில் எழுத்தில்லாத பை கடைத்தெருவில் 900 ரூபாய்க்குக் கிடைத்தது. மீதி 3,300 எதற்கு என்று இப்போது புரிகிறது.

வாங்குகிற லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். விலை கேட்க டிஎம் போக வேண்டும். 7ஏ, 10ஏ, மிரர் என்று தரம் பிரிப்பார்கள்; யார் பிரித்தது என்று கேட்காதீர்கள். படம் பெரும்பாலும் ஒரிஜினலின் படம். ஜிபே முதலில், பார்சல் பிறகு. அன்பாக்சிங் வீடியோ இல்லாவிட்டால் ரிட்டர்ன் இல்லை. எனக்கு வீடியோ இருந்தும் இல்லை, பிளாக் செய்துவிட்டார்கள். 1999ஆம் வருட வணிகச் சின்னச் சட்டத்தின் 104வது பிரிவு இப்படி விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை என்கிறது. ஆனால் தெரிந்தே காப்பி வாங்கியவள் எந்த முகத்தோடு புகார் கொடுப்பாள்? அவர்கள் பிழைப்பே அந்த முகத்தை நம்பித்தான்.

இரண்டாவது கோடையில் கைப்பிடி தோலுரிந்தது. ஊருக்கு எடுத்துப் போய்ப் போட்டுவிட்டேன். அம்மா அதில் ரேஷன் கார்டும் வெங்காய மண்டிச் சீட்டும் வைத்திருக்கிறாள். போன பொங்கலுக்குப் போனபோது உரிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அந்தப் பெட்டிக்காரரு உன்ன நல்லா ஏமாத்திட்டாருடி" என்றாள். ஆமாம்மா என்றேன்.