தரங்கம்பாடிக்கு எத்தனை பெயர்?

விடுமுறை நாளில் தரங்கம்பாடிக்குப் போனால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். டேனிஷ்காரர்கள் 1792-ல் கட்டிய வெள்ளை நுழைவாயிலைத் தாண்டி, ராஜா வீதி வழியாக நேராக நடந்தால் கோட்டையும் கடலும் வந்துவிடும். அங்கே செல்ஃபி எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள், 'தரங்கம்பாடியில இருக்கேன்' என்று அம்மாவுக்கு வாட்ஸ்அப் அனுப்புவார்கள். அதே படத்தை இன்ஸ்டாகிராமில் போடும்போது ஊர்ப் பெயர் 'டிராங்குபார்' ஆகிவிடும்.

நின்ற இடம் ஒன்றுதான், எடுத்த படமும் ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு பெயர், வெளியாருக்கு ஒரு பெயர்.

இந்தச் சின்ன ஊருக்கு உண்மையில் எத்தனை பெயர் என்று எண்ண ஆரம்பித்தால், கதை ஆஸ்திரேலியா வரைக்கும் போகிறது.

நாக்கு தடுமாறியது, காகிதம் பிடித்துக்கொண்டது

டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1616-ல் ஒரு கிழக்கிந்திய கம்பெனியைத் தொடங்க அனுமதி கொடுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1620 நவம்பரில், அவருடைய கடற்படைத் தளபதி ஓவே கெட்டேவுக்கும் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கருக்கும் உடன்படிக்கை ஆனது. டென்மார்க் மன்னருக்கு ரகுநாத நாயக்கர் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மிளகு வாங்க வந்தவர்கள் கடற்கரையில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிக்கொண்டு 225 ஆண்டுகள் தங்கிவிட்டார்கள்.

வந்தவர்கள் ஊருக்குப் புதுப் பெயர் வைக்கவில்லை. இருந்த பெயரையே சொல்லப் பார்த்தார்கள். 'தரங்கம்பாடி' அவர்கள் வாயில் 'டிராங்கேபார்' ஆனது. பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் அதை 'டிராங்குபார்' என்றார்கள். தஞ்சாவூர் 'டாஞ்சூர்' ஆனதும், கொள்ளிடம் 'கொலரூன்' ஆனதும், சோழமண்டலக் கரை 'கோரமண்டல்' ஆனதும் இதே வழியில்தான்.

இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால், தடுமாறிய உச்சரிப்பு பத்திரத்திலும் வரைபடத்திலும் ஏறிவிட்டால், பிறகு அதுதான் 'சரியான பெயர்'. 1706-ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்க், பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்தவர். அவர் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் லத்தீன் முகப்பில்கூட ஊர்ப் பெயர் டேனிஷ்காரர்கள் சொன்ன மாதிரிதான் இருக்கிறது. உலகத்துக்குத் தெரிந்த பெயர் அதுதானே!

1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த குடியேற்றத்தையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் கிளம்பினார்கள். கோட்டை கை மாறியது. மீன் விற்கிற பெண்ணும் வண்டி ஓட்டுகிறவரும் சொன்ன பெயர் மட்டும் மாறவே இல்லை. அன்றும் தரங்கம்பாடி, இன்றும் தரங்கம்பாடி. செல்லமாகச் சுருக்கினால் தஞ்சை, நாகை, குடந்தை மாதிரி 'தரங்கை'. தமிழ் லுத்தரன் திருச்சபையின் பேராயரை இன்றும் 'தரங்கைப் பேராயர்' என்றுதான் அழைக்கிறார்கள்.

அலை பாடுகிறதா?

'தரங்கம்பாடி என்றால் அலைகள் பாடும் ஊர்' என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்கின்றன. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயர்களில் வரும் 'பாடி' பாட்டுப் பாடுகிற பாடி அல்ல. வாணியம்பாடி, காட்பாடி, குறிஞ்சிப்பாடி, கண்ணன் வளர்ந்த ஆயர்பாடி என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். அங்கெல்லாம் யாரும் பாடவில்லை. பாடி என்றால் மக்கள் குடியிருக்கும் இடம். தரங்கம் என்றால் அலை. அலையடிக்கும் இடத்தில் அமைந்த குடியிருப்பு, அவ்வளவுதான்.

அர்த்தம் கொஞ்சம் எளிமையாகிவிட்டதே என்று வருத்தப்பட வேண்டாம். அலைக்குப் பக்கத்தில் வீடு கட்டி வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் அது. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோது, அந்தப் பெயரின் கனம் என்ன என்று இந்தக் கரையில் இருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்தது.

அதற்கும் முன்னால் ஒரு பெயர்

சரி, தரங்கம்பாடிதான் இந்த ஊரின் ஆதிப் பெயரா? அங்கேதான் கதை திரும்புகிறது.

கோட்டைக்கு வடக்கே கடலோரத்தில் மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில். அங்குள்ள கல்வெட்டில் ஊரின் பெயர் 'சடங்கன்பாடி'. கூடவே இன்னொரு பெயர், 'குலசேகரன்பட்டினம்'.

அரசன் தன் பெயரை ஊருக்குச் சூட்டினான். அது கல்லில் இருக்கிறது, ஊரார் வாயில் இல்லை. 'பாடி'யோ எழுநூறு ஆண்டு கடந்தும் நிற்கிறது. சடங்கன்பாடி, தரங்கம்பாடி... இரண்டையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன!

டேனிஷ்காரர்களுக்கும் இதே பாடம் வேறு இரண்டு இடங்களில் கிடைத்தது. வங்காளத்தில் 1755-ல் அமைத்த குடியேற்றத்துக்குத் தங்கள் மன்னர் பெயரால் 'பிரெடெரிக்ஸ்நகர்' என்று பெயர் வைத்தார்கள். ஊர் மக்கள் ஸ்ரீராம்பூர் என்றே சொன்னார்கள். இன்றும் அது ஸ்ரீராம்பூர்தான். நிக்கோபாருக்கும் 'பிரெடெரிக் தீவுகள்' என்று பெயரிட்டார்கள். அதுவும் நிற்கவில்லை.

நிக்கோபார் விஷயத்தில் நாமும் கொஞ்சம் அடக்கமாக இருக்க வேண்டும். ராஜேந்திர சோழனின் கல்வெட்டு அந்தத் தீவுகளை 'மாநக்கவாரம்' என்கிறது. நமக்கு அது பெருமையான பழம்பெயர். ஆனால் அதுவும் கப்பலில் வந்தவர்கள் வைத்த பெயர்தான். கார் நிக்கோபாரின் பழங்குடி மக்கள் தங்கள் தீவைத் தங்கள் மொழியில் 'பூ' என்கிறார்கள். அதை எத்தனை பேர் கேட்டிருப்போம்?

பனிக்கரையில் ஒரு 'கோடிக்கரை'

தரங்கம்பாடிக்கு சீகன்பால்கை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக். அதே மன்னர் காலத்தில்தான் ஹான்ஸ் எகெடே என்ற பாதிரியார் 1721-ல் கிரீன்லாந்துக்குப் போனார். அங்கே 1728-ல் உருவான ஊருக்கு 'கோட்ஹாப்' என்று டேனிஷ் மொழியில் பெயர் வைத்தார்கள். நன்னம்பிக்கை என்று அர்த்தம். இங்கே நாக்கு தடுமாறிய கதை. அங்கேயோ முழுக்கப் புதிய பெயர்.

கிரீன்லாந்து 1979-ல் சுயாட்சி பெற்றதும் தலைநகரின் பெயர் 'நூக்' ஆனது. அந்த மண்ணின் இன்யூட் மக்கள் மொழியில் நூக் என்றால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை. நம் கோடிக்கரை மாதிரி! கோடியில் இருக்கும் கரை என்று நம்மவர்கள் பெயர் வைத்த இடத்தை, ஆங்கிலேயர்கள் 'பாயிண்ட் காலிமர்' ஆக்கிய கதை டெல்டாக்காரர்களுக்குத் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் இந்த வேலை இப்போது மும்முரமாக நடக்கிறது. நாட்டின் நடுவே இருக்கும் பிரமாண்டமான செந்நிறப் பாறைக்கு, அனங்கு பழங்குடியினர் காலம் காலமாகச் சொன்ன பெயர் 'உலுரு'. 1873-ல் அங்கே வந்த ஒரு நில அளவையாளர், தெற்கு ஆஸ்திரேலியாவின் முதன்மைச் செயலர் ஹென்றி ஏயர்ஸின் பெயரை அதற்குச் சூட்டினார். 1985-ல் அந்த நிலம் அனங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்டது. 1993-ல் 'ஏயர்ஸ் ராக் / உலுரு' என இரட்டைப் பெயர் வந்தது. 2002-ல் வரிசை மாறி உலுரு முன்னால் வந்தது. வரிசை மாற மட்டும் ஒன்பது ஆண்டு!

பெரிய நகரங்களிலும் பழம்பெயர்கள் திரும்ப ஒலிக்கின்றன. மெல்போர்னுக்கு 'நாம்', பிரிஸ்பேனுக்கு 'மியான்ஜின்' என்று வானொலியிலும் கடிதத் தலைப்பிலும் சொல்கிறார்கள். ஒரு பழங்குடிப் பெண்ணின் கோரிக்கையை ஏற்று, தபால் முகவரியில் பழம்பெயருக்கு ஒரு வரி ஒதுக்கலாம் என்று அந்த நாட்டுத் தபால் துறை வழிகாட்டியது. பெறுபவர் பெயருக்குக் கீழே, தெருப் பெயருக்கு மேலே அந்த வரி வரும். மெல்போர்ன் என்ற பெயரை யாரும் அழிக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விட்டார்கள்.

ஆணை போட்டால் போதுமா?

நம் ஊரிலும் ஆணைகள் உண்டு. தரங்கம்பாடிக்குப் பக்கத்து நகரம் மாயவரம் என்றும் மாயூரம் என்றும் வழங்கியது. தேவாரத்தில் இருக்கும் மயிலாடுதுறை என்ற பெயர் 1982-ல் அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது. 2020-ல் மாவட்டத்துக்கும் அதுவே பெயர். பலகை, டிக்கெட், ஆதார் எல்லாம் மாறிவிட்டன. ஆனாலும் பேருந்தில் ஒரு பெரியவர் ஏறினால், 'மாயவரம் ஒண்ணு' என்றுதான் டிக்கெட் கேட்கிறார். பேரன் 'மயிலாடுதுறை' என்கிறான். நடத்துநர் இருவருக்கும் ஒரே டிக்கெட்தான் கிழிக்கிறார்.

2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியானது. நல்ல நோக்கம்தான். ஆனால் வேலூருக்குக் கொடுத்த எழுத்துகளை 'வீலூர்' என்றும் படிக்கலாம் என்று கேலி எழுந்தது. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நாக்கு தடுமாறிய பெயரைத் திருத்தப் போய், எழுத்து தடுமாறிவிட்டது.

எல்லா 'தமிழ்ப் பெயரும்' வந்தவர்களுக்கு முந்தியது என்றும் சொல்லிவிட முடியாது. வடக்கே பரங்கிப்பேட்டையைப் பாருங்கள். போர்ச்சுகீசியர்கள் அதை 'போர்ட்டோ நோவோ' என்றார்கள். புதுத் துறைமுகம் என்று பொருள். அந்தப் பெயர் போய்விட்டது. நம்மவர்கள் சொன்ன பரங்கிப்பேட்டை நிலைத்தது. ஆனால் பரங்கி யார்? அந்த வெள்ளைக்காரர்தான்! அவர் வைத்த பெயர் மறைந்து, அவர் வந்த செய்தி மட்டும் நம் பெயரில் தங்கிவிட்டது.

பலகை இல்லாத பெயர்கள்

சடங்கன்பாடி என்ற பெயர் தெரிவதற்குக் காரணம் ஒரு கல். அந்தக் கல் இருக்கும் கோயிலின் முன்பகுதியைக் கடல் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். கல்வெட்டுத் துறை முன்பே படியெடுத்து வைத்ததால், கல்லுக்கு ஏதாவது ஆனாலும் பெயர் பிழைத்துக்கொள்ளும்.

கல்லில் ஏறாத பெயர்களின் கதிதான் கவலை. கடலுக்கு அடியில் எந்தப் பாறைத்திட்டில் எந்த மீன் கிடைக்கும் என்று மீனவர்களுக்குத் தெரியும். அந்தத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். பாருக்குப் பார் பெயர் உண்டு. கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றுக்குக்கூடப் பெயர் உண்டு. ஜி.பி.எஸ் வந்தபிறகு பாருக்குப் பெயர் தேவைப்படவில்லை, எண் போதும்.

வயல் பக்கமும் இதே நிலைமைதான். டெல்டாவில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும், குளத்துக்கும், களத்துமேட்டுக்கும் பெயர் இருக்கும். பட்டாவில் இருப்பதோ சர்வே எண். நிலம் பிளாட் ஆனால் அதுவும் போய் ஏதாவது ஒரு 'நகர்' வந்துவிடும். எந்த அந்நிய அரசும் வந்து அழிக்காமலேயே, ஒரு தாத்தாவோடு பத்துப் பெயர்கள் போய்விடுகின்றன.

ஆஸ்திரேலியாவில் பல பழம்பெயர்களைத் தேடி எடுக்க, அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களின் நாட்குறிப்புகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது. பேசியவர்களின் மொழியே ஒடுக்கப்பட்டுவிட்டது. நமக்கு அந்த நிலை இல்லை. பெயர் தெரிந்தவர் இன்னும் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, தாத்தா பாட்டியிடம் ஒரு பத்து நிமிடம் உட்காரலாம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்துக்கு என்ன பெயர், அந்த மேட்டை என்னவென்று சொல்வீர்கள், ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். செல்போனில் பதிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது.

முதலில், "அதெல்லாம் இப்ப எதுக்குப்பா?" என்பார்கள். இரண்டாவது பெயருக்கு வரும்போது, நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டார்கள்.