நீடித்த வொரண்டி: தாளுக்குப் பின்னால் நிற்பவர் யார்?

வாகனம் வாங்கும்போது விலை பேசி முடிந்த பின்னர் இப்போதெல்லாம் இன்னொரு பேச்சும் ஆரம்பமாகிறது. "முதலாளி, இன்னும் கொஞ்சம் கட்டினால் வொரண்டியை மேலும் இரண்டு வருடத்துக்கு நீட்டித் தரலாம்" என்பார் விற்பனையாளர். பல இலட்சங்களுக்குக் கையொப்பமிட்டு முடித்தவருக்கு அந்த மேலதிகத் தொகை பெரிதாகத் தெரியாது. "சரி, அதையும் போடுங்கள்" என்று சொல்லிவிடுவார். ஒரு மூட்டை அரிசிக்கு ஐம்பது ரூபா குறைக்க அரை மணி நேரம் பேசும் எமது வியாபாரிகள், இந்த இடத்தில் மட்டும் ஏன் வாய் மூடிக் கொள்கிறார்கள் என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

எமது நாட்டில் 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வேன்களையும் லொறிகளையும் திருத்தித் திருத்தியே ஓட்டினோம். விலைகளும் எங்கோ போய்விட்டன. இன்று பல சிறு வியாபாரிகளுக்குக் கடையிலுள்ள சரக்கை விட வாசலில் நிற்கும் வாகனமே பெரிய முதல். எனவே அதற்கென எழுதித் தரப்படும் வொரண்டித் தாளை வாசிக்கத் தெரிந்திருப்பதும் வியாபாரத்தின் ஒரு பகுதிதான்.

முதலில் நான்கு விடயங்களைப் பிரித்தறிய வேண்டும். புதிய வாகனத்துக்கு உற்பத்தி செய்த கம்பனி தரும் உத்தரவாதம் ஒன்று. அதன் செலவு வாகனத்தின் விலைக்குள்ளேயே அடங்கியுள்ளது. ரீகண்டிஷன் வாகனத்துக்கு அதனை இறக்குமதி செய்து விற்பவர் தனது பொறுப்பில் தருவது இரண்டாவது. தனியாகப் பணம் வாங்கிக் கொண்டு தரப்படும் நீடித்த வொரண்டி மூன்றாவது. விபத்துக்கும் களவுக்குமான காப்புறுதி நான்காவது. காப்புறுதி இருக்கிறது என்பதற்காக கியர் பொக்ஸ் உடைந்தால் பணம் வராது. வொரண்டி இருக்கிறது என்பதற்காக மதிலில் மோதிய வாகனத்தை எவரும் திருத்தித் தரமாட்டார்கள்.

நீடித்த வொரண்டி வியாபாரம் பெரிதாக வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே ஆர்.வி. எனப்படும் உல்லாசப் பயண வாகனங்கள் உண்டு. வாகனத்துக்குள்ளேயே படுக்கை, சமையலறை, குளிர்சாதனப் பெட்டி, ஏ.சி., ஜெனரேட்டர், தண்ணீர்ப் பம்பி எல்லாம் இருக்கும். ஓடும் வீடு என்றே சொல்லலாம். அதில் சசியும் என்ஜினும் ஒரு கம்பனியுடையவை. மேலே உடலைக் கட்டியது இன்னொரு கம்பனி. உள்ளேயிருக்கும் சாதனங்கள் வேறு வேறு கம்பனிகளுடையவை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வொரண்டி, ஒவ்வொரு முடிவுத் திகதி. இந்தக் குழப்பத்தைக் காட்டித்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நீடித்த வொரண்டி என்று விற்கிறார்கள்.

ஆனால் அமெரிக்கச் சட்டம் அதனை வொரண்டி என்றே ஏற்பதில்லை. 1975ஆம் ஆண்டு அங்கு நிறைவேற்றப்பட்ட மக்னுசன் மொஸ் வொரண்டிச் சட்டத்தின்படி, தனியாகப் பணம் கொடுத்து வாங்குவது சேவை ஒப்பந்தம். பொருளோடு சேர்ந்து வருவதுதான் வொரண்டி. பெயர் மாறும்போது பொறுப்பும் மாறுகிறது. வொரண்டி என்பது பொருளைச் செய்தவரோ விற்றவரோ தன் பொருளுக்குக் கொடுக்கும் வாக்கு. சேவை ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் வாகனத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மூன்றாவது ஒருவர் பணத்துக்கு விற்கும் வாக்கு.

அந்த மூன்றாமவர் விழுந்தால் என்ன நடக்கும்? 2003ஆம் ஆண்டு நஷனல் வொரண்டி என்ற கம்பனி முறிந்து, கேமன் தீவுகளில் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளானது. அமெரிக்காவில் பல வாகன விற்பனையாளர்கள் விற்ற சேவை ஒப்பந்தங்களுக்குப் பின்னால் நின்றது அந்தக் கம்பனியே. வாங்கியவர்கள் கையில் தாள் இருந்தது, பின்னால் ஆள் இல்லை. அதனை நம்பி விற்ற வியாபாரிகளும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல முடியாமல் திண்டாடினார்கள். அண்மையில் 2024இல் கார்ஷீல்ட் என்ற கம்பனி, விளம்பரத்தில் சொன்னது ஒன்று, ஒப்பந்தத்தில் இருந்தது வேறொன்று என்ற குற்றச்சாட்டின் பேரில் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழுவுடன் 1 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. சட்டமும் கண்காணிப்பும் பலமாக உள்ள நாட்டிலேயே நிலைமை இதுவென்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

எமக்கு ஆர்.வி. எதற்கு என்று கேட்கலாம். மீன், கோழி இறைச்சி விநியோகம் செய்யும் ப்ரீசர் லொறியை எடுத்துப் பாருங்கள். லொறி ஒருவருடையது, பெட்டியைக் கட்டியவர் இன்னொருவர், குளிரூட்டும் இயந்திரம் வேறொரு கம்பனியுடையது. உணவு விற்கும் வேனும் அப்படித்தான். "வாகனத்துக்கு மூன்று வருட வொரண்டி" என்றால் அது குளிரூட்டும் இயந்திரத்தையும் உள்ளடக்குமா? வேனுக்குப் பிறகு பொருத்திய ஏ.சி.யை உள்ளடக்குமா? தாளில் அந்தப் பெயர் எழுதப்பட்டிருக்காவிட்டால் உள்ளடக்காது என்றே வைத்துக் கொள்ளுங்கள்.

தாளின் முன்பக்கத்தை விட "உள்ளடங்காதவை" என்ற பகுதியையே முதலில் வாசிக்க வேண்டும். பிரேக் லைனர், கிளச் பிளேட், டயர், பெல்ட் போன்ற தேயும் பாகங்கள் வழமையாக அதில் இருக்கும். வெள்ளத்தில் நின்ற வாகனம் இருக்கும். குறித்த கிலோமீற்றரில் சேர்விஸ் செய்யாத வாகனமும் இருக்கும். எமது வியாபாரிகள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்றும் உண்டு: வாடகைக்கோ வர்த்தகத் தேவைக்கோ பயன்படுத்தும் வாகனங்களைப் பல ஒப்பந்தங்கள் விலக்கி வைக்கின்றன. வார நாட்களில் சரக்கு ஏற்றி, வார இறுதியில் நுவரெலியாவுக்கு ஹயர் ஓடும் வேனுக்கு அத்தகைய தாள் வெறும் தாளே.

பணம் கொடுக்க முன் பின்வருவனவற்றைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பழுது வந்தால் செலவைக் கொடுப்பவர் யார்? காட்சியறையா, ஏக முகவரா, வேறொரு கம்பனியா? உதிரிப்பாகத்துடன் கூலியும் சேருமா? ஒரு தடவைக்கும் மொத்தமாகவும் உச்சத் தொகை எவ்வளவு? எந்தக் கராஜில் திருத்த வேண்டும்? அக்கரைப்பற்றில் நின்றுவிட்ட வாகனத்தைக் கொழும்புக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது? கழற்றிப் பார்க்க முன் அனுமதி பெற வேண்டுமா? வாகனத்தை விற்றால் வொரண்டி புதிய உரிமையாளருக்குப் போகுமா?

இனிக் கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டாக, இரண்டு வருட நீடிப்புக்கு 2 இலட்சம் ரூபா கேட்கிறார்கள், ஒரு திருத்தத்துக்கு உச்சத் தொகை 3 இலட்சம் என்று வைப்போம். அந்த இரண்டு வருடத்துக்குள் பெரிய பழுது ஒன்று வந்து, அதுவும் உள்ளடங்கியதாக இருந்து, கேட்ட பணமும் கிடைத்தால் உங்களுக்கு மிச்சம் 1 இலட்சம். எதுவும் வராவிட்டால் 2 இலட்சமும் போனதுதான். அதே 2 இலட்சத்தைத் திருத்தச் செலவுக்கென்று தனியாக வைத்தால், பழுது வந்தாலும் கையில் காசு இருக்கும், வராவிட்டாலும் காசு உங்களுடையதே. பஞ்சிகாவத்தையில் பாகம் தேடவும், நம்பிக்கையான பாஸிடம் வேலை கொடுக்கவும் எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. இந்தத் தொகையையும் லீசிங்கில் சேர்த்துவிடுவோம் என்று சொன்னால் இன்னும் கவனம். திருத்தாத வாகனத்தின் திருத்தச் செலவுக்கு வட்டியும் கட்டுவதாகிவிடும்.

ஆகவே சாதாரண டீசல் வேனுக்கும் லொறிக்கும் நீடித்த வொரண்டி தேவையில்லை என்பதே எனது கருத்து. ஒரு விதிவிலக்கைச் சொல்வேன். ஹைபிரிட், மின்சார வாகனங்களின் பிரதான பெட்டரி பழுதானால் ஒரே தடவையில் பெரும் தொகை போகும். தனியாக எடுத்து வைத்த காசு அதற்குப் போதாது. எனவே உற்பத்திக் கம்பனியின் முகவரே, பெட்டரி என்று பெயர் குறிப்பிட்டு, வர்த்தகப் பாவனையையும் ஏற்று எழுதித் தருவாரானால் அதனை யோசித்துப் பார்க்கலாம்.

இதில் மார்க்கப் பக்கமும் உண்டு. விலையோடு சேர்ந்து வரும் உத்தரவாதம் வேறு. வருமா வராதா என்று தெரியாத பழுதுக்காகத் தனியே பணம் வாங்கும் ஒப்பந்தம் வேறு. பின்னையது வணிகக் காப்புறுதியை ஒத்தது, அதில் கரர் இருக்கிறது என்று கூறும் அறிஞர்களும் உள்ளனர், மாற்றுக் கருத்துள்ளோரும் உள்ளனர். தீர்ப்புச் சொல்வது எனது வேலையல்ல. கையொப்பமிட முன்னர் உங்கள் ஊர் ஆலிமிடம் தாளைக் காட்டிக் கேளுங்கள்.

வாங்குவோருக்கு மட்டுமல்ல, விற்கும் எமது சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. குளிர்சாதனப் பெட்டி, இன்வேர்ட்டர், தண்ணீர்ப் பம்பி என்று எதை விற்றாலும், "பயப்பட வேண்டாம் நானா, எல்லாத்துக்கும் வொரண்டி இருக்கு" என்று வாயால் சொல்வது சுலபம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாடிக்கையாளரைப் பிழையாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருள் பற்றி அதிகாரசபையிடம் எழுத்துமூலம் முறையிடவும் வழியுண்டு. முறைப்பாட்டுக்குக் காலவரையறை இருப்பதால் தாமதிக்கக் கூடாது. பற்றுச்சீட்டையும் வொரண்டித் தாளையும் பத்திரப்படுத்த வேண்டும். பிரித்தானியாவில் 2005இல் வந்த ஒரு கட்டளை, மின்சாரப் பொருட்களுக்கு நீடித்த வொரண்டி வாங்கியவர் 45 நாட்களுக்குள் மனம் மாறினால் முழுப் பணத்தையும் திருப்பிப் பெற வழி செய்தது. அத்தகைய ஏற்பாடு எமது நாட்டிலும் வந்தால் நேர்மையான வியாபாரிக்கு எந்த நட்டமும் இல்லை.

கடன் கொடுக்கும்போது ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கிறோம். வொரண்டியும் எம்மிடம் பணத்தை முன்கூட்டியே வாங்கிக் கொண்டு பின்னர் தருவதாகச் சொல்லும் வாக்குத்தான். அதற்கும் அதே அளவுகோலை வைப்போம். தருபவர் யார், நாளை இருப்பாரா, சொன்னதை எழுதித் தருவாரா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காவிட்டால் பணம் பையிலேயே இருக்கட்டும்.