கைபேசியும் கடைச் சாவியும்

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே சொந்தம் என்பது உலக வழக்கு. அனுப்பர்பாளையத்துப் பட்டறையில் அண்டா வாங்கியவர் அதில் எதைச் சமைப்பது என்று பட்டறைக்காரரிடம் உத்தரவு கேட்பதில்லை. ஆனால் நம் ஜனங்களில் கோடிக்கணக்கானோர் கையில் வைத்திருக்கும் ஸ்மார்ட்போன் விஷயத்தில் இவ்வழக்குச் செல்லாமற் போயிற்று. கைபேசி நம்முடையது; அதனுள் செயலிகள் வந்து சேரும் கடையின் சாவியோ அந்நியக் கம்பெனி ஒன்றின் கையில் இருக்கிறது. இந்நிலைமை தேசத்துக்கு உகந்ததுதானா என்பதை நிதானமாக ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

நம் நாட்டில் புழங்கும் ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவை ஆண்ட்ராய்டு என்னும் மென்பொருளால் இயங்குவன. அதன் அடிப்படைப் பகுதி யாவரும் எடுத்தாளலாம் என்ற உரிமையுடன் வெளியிடப்படுகிறது. கைபேசியைச் செய்த கம்பெனி சில ஆண்டுகளில் அதனைக் கைவிட்டு விடுகிறது. புதிய மென்பொருள் அனுப்புவதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளத்துக்கு உழைக்கும் தொழிலாளிக்கு அடிக்கடி புதுக் கைபேசி வாங்க வசதி ஏது? அத்தகைய பழைய கருவிகளுக்கு உயிர் கொடுப்பதற்காக, லினியேஜ் ஓ.எஸ். போன்ற கஸ்டம் ரோம்களைத் தன்னார்வலர்கள் செய்து இலவசமாக வழங்குகிறார்கள். இது போற்றத்தக்க தொண்டு.

ஆனால் அவ்விதம் புதுப்பித்த கைபேசியைத் திறந்து பார்ப்பவருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. கருவி ஓடுகிறது, பிளே ஸ்டோர் என்னும் கடையைக் காணோம். காரணம் தொழில்நுட்பக் குறை அன்று. ஆண்ட்ராய்டின் அடிப்படை பொதுச் சொத்தாயினும், கடை கூகுள் கம்பெனியின் தனிச் சொத்து. 2009ஆம் ஆண்டிலேயே சயனோஜென்மாட் என்ற கஸ்டம் ரோமைச் செய்தவருக்கு அக்கம்பெனி நோட்டீஸ் அனுப்பித் தன் செயலிகளை அதில் சேர்த்து வழங்கலாகாது என்று தடுத்தது. அது முதல் அச்செயலிகளை 'ஜிஆப்ஸ்' என்ற தனி மூட்டையாகத் தேடிப் பிடித்து, ரோமை ஏற்றியவுடன், கைபேசி முதன்முறை இயங்குவதற்கு முன்பே, ஏற்றிக்கொள்வது வழக்கமாயிற்று. அதன் பின்னும் 'இக்கருவி சான்று பெறாதது' என்ற தடை வரலாம். கருவியின் எண்ணைக் கூகுளிடம் பதிய வேண்டி வரும். அதையும் தாண்டினால், கூகுளின் நற்சான்று இல்லையென்று சில பாங்குச் செயலிகள் இயங்க மறுக்கின்றன. பீகாரிலிருந்தும் ஒடிஷாவிலிருந்தும் வந்து திருப்பூரில் உழைப்பவர் யு.பி.ஐ. மூலம் ஊருக்குப் பணம் அனுப்புகிறார். அந்த யு.பி.ஐ. நம் நாட்டார் 2016இல் நிறுவிய ஏற்பாடு. நம்முடைய பணத்தை நம்முடைய ஏற்பாட்டின் வழியே நம்மவருக்கு அனுப்பவும் அந்நியன் நற்சான்று வேண்டுமாம்!

இது ஏதோ சில இளைஞர்களின் பொழுதுபோக்குச் சங்கடம் என்று அலட்சியம் செய்வதற்கில்லை. 2024 மார்ச் 1ஆம் தேதி நடந்ததை நேயர்கள் நினைவுகூர்வார்களாக. கட்டணத் தகராறின் பேரில், சென்னையில் வளர்ந்த பாரத் மேட்ரிமொனி உள்ளிட்ட இந்தியக் கம்பெனிகளின் செயலிகளைக் கூகுள் தன் கடையினின்றும் அகற்றத் தொடங்கியது. சேவைக்குரிய கட்டணத்தையே கேட்டதாக அக்கம்பெனி சொல்லிற்று. நீதி ஸ்தலங்களிலும் இந்தியக் கம்பெனிகளுக்கு அச்சமயம் தடையுத்தரவு கிட்டவில்லை. மத்திய மந்திரி தலையிட்ட பிறகே சில தினங்களில் செயலிகள் திரும்பின. மந்திரியின் செவிக்கு எட்டக்கூடிய பெரிய கம்பெனிகளுக்கே இக்கதி என்றால், சிறு தொழிலர் எழுதும் செயலியின் கதி என்ன?

திருப்பூருக்கு இவ்வுண்மையை நாம் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. நூலும் சாயமும் தையலும் இவ்வூராருடையவை. சட்டையின் கழுத்தில் தொங்கும் லேபிள் அந்நியருடையது. லேபிளும் கடையும் யார் வசமோ, விலையும் அவர் வசமே. துணியில் கண்ட இந்நீதியே இன்று மென்பொருளிலும் நடக்கிறது.

நம் சர்க்கார் முற்றிலும் கண்மூடி இருந்ததாகச் சொல்லமாட்டோம். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20ஆம் தேதி கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; பிற செயலிக் கடைகளுக்குப் பிளே ஸ்டோரில் இடந்தர வேண்டும், வெளியிலிருந்து செயலி ஏற்றுவதைத் தடுக்கலாகாது என்றும் கட்டளையிட்டது. 2023 மார்ச் 29ஆம் தேதி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் மேற்படி இரு கட்டளைகளையும் ரத்துச் செய்துவிட்டது. அபராதம் பணக்காரக் கம்பெனிக்கு ஒரு செலவுக் கணக்கு. ஜனங்களுக்குக் கதவு திறப்பதன்றோ மெய்யான பரிகாரம்?

சுதேசி முயற்சிகளும் எழாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் தோன்றிய கம்பெனி பார்ஓ.எஸ். என்ற மென்பொருளை 2023 ஜனவரியில் வெளிப்படுத்தியது. மந்திரிகள் பரீட்சித்துப் பாராட்டினார்கள். அதுவும் ஆண்ட்ராய்டின் பொது அடிப்படையில் எழுந்ததே. 2024 பிப்ரவரியில் போன்பே கம்பெனி தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில் இண்டஸ் என்ற செயலிக் கடையைத் திறந்தது. எனினும் போன்பேயின் பெரும்பங்கு அப்போது அமெரிக்க வால்மார்ட் வசம் இருந்தது. பெயர்ப்பலகையை மாத்திரம் பார்த்துச் சுதேசி என்று மகிழ்வது விவேகமாகாது. 1906இல் ஸ்ரீ வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, அந்நியக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து அதை நசுக்க முயன்றது; சர்க்காரின் பலமும் அந்நியருக்கே துணை நின்றது. சட்டத்தின் துணையின்றி முதலாளியின் ஊக்கம் மட்டும் ஏகபோகத்தை வெல்லாது என்பதே அச்சரித்திரம் தரும் பாடம்.

கதவைத் திறந்தால் மோசக்காரர்கள் புகுவர் என்று கூகுள் தரப்பில் சொல்லப்படுகிறது. இவ்வாதத்தை நாம் ஒதுக்கவில்லை. போலிச் செயலிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஏழைகளின் பாங்குக் கணக்கைச் சூறையாடும் கும்பல்கள் உண்டு. ஆனால் சந்தையில் திருடர் உண்டு என்பதற்காகச் சந்தையையே ஒரு கடைக்காரருக்கு எழுதிக் கொடுப்பார் உண்டோ? கடைக்காரரே காவலராகவும் நீதிபதியாகவும் இருப்பது எந்த நியாயத்துக்கும் ஒவ்வாது. ஐரோப்பிய ஒன்றியம் தன் சட்டத்தால் ஆப்பிள் கம்பெனியையே 2024 மார்ச் முதல் பிறர் கடைகளுக்கு வழிவிடச் செய்தது. அங்கே இயன்றது இங்கே ஏன் இயலாது?

ஆகவே நாம் வற்புறுத்துவன மூன்று. 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதாவின் நகல் கிடப்பில் கிடத்தலாகாது. சிறு தொழிலரின் அச்சங்களைக் கேட்டுத் திருத்தி, வேற்றுக் கடைகளுக்கு வழிவிடும் ஷரத்துடன் சட்டமாக்க வேண்டும். பாங்குகள் கைபேசியின் பத்திரத்தைத் தாமே சோதிக்கும் முறையை வகுக்க வேண்டும். ஒரு கம்பெனியின் நற்சான்றையே உரைகல்லாகக் கொள்ளலாகாது. சர்க்கார் தன் செயலிகளைப் பிளே ஸ்டோருக்கு வெளியேயும், சரிபார்த்த கையொப்பத்துடன், பிரஜைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

கொடியைக் கைவிடாமல் 1932 ஜனவரியில் தடியடிபட்டு உயிர்நீத்த குமரன் வாழ்ந்த ஊர் திருப்பூர். கதரை ஊர்தோறும் கொண்டுசென்ற தொண்டர்கள், துணியோடு அதை விற்கும் கடையும் நம்முடையதாக வேண்டுமென்று உணர்ந்திருந்தார்கள். கைபேசி விஷயத்திலும் அவ்வுணர்ச்சி பிறக்க வேண்டும். தேச ஊழியர்கள் இதனை நிபுணர்களின் விவகாரம் என்று விட்டுவிடாமல், தத்தம் ஊர்க் கூட்டங்களில் எடுத்துப் பேசித் தம் பிரதிநிதிகளைக் கேள்வி கேட்பார்களாக.