பேரிடருக்குப் பின் சிறு குழந்தைகளின் பெற்றோர்: எங்கள் நிலைப்பாடு

மண்சரிவோ அணுஉலை விபத்தோ, எந்தப் பேரிடரானாலும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வளர்ப்போரைத் தனியே கணக்கெடுத்து, முகாம் திறக்கும் முதல் நாளிலிருந்தே உதவ வேண்டும். நீலகிரி மாவட்டம் பர்லியார் பகுதியில் குழந்தைகள் நலனுக்காக உழைக்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது.

குன்னூர்–மேட்டுப்பாளையம் மலைப்பாதையோரம் வாழ்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை அச்சமின்றிக் கழிவதில்லை. 1993 நவம்பரில் மரப்பாலம் என்ற ஊர்ப்பகுதியில் மண் சரிந்து பல உயிர்களைக் கொண்டுபோனது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், நிவாரணத்தில் கணவனை இழந்தோருக்கும் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு வேண்டும் என்கிறது. அது நியாயமானது. ஆனால் உயிர்தப்பிய குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயும் தகப்பனும் அந்தப் பட்டியலில் இல்லை.

குழந்தைகளுக்கெனத் தனி ஏற்பாடு இருந்தால் உதவி விரைந்து சேரும் என்பதற்கு ஜப்பான் ஒரு சான்று. 2011 மார்ச்சில் அங்கு புகுஷிமா அணுஉலை விபத்துக்குப் பின், டோக்கியோவின் ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கதிரியக்க அயோடின் லிட்டருக்கு 210 பெக்கரல் இருந்தது. பெரியவர்களுக்கான வரம்பு 300, கைக்குழந்தைகளுக்கு 100. குழந்தைக்கென்று தனி வரம்பு இருந்ததால்தான் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு உடனே பாட்டில் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. 2012 ஜூனில், குழந்தைகளை முன்னிறுத்தி ஜப்பான் தனிச் சட்டமே இயற்றியது.

எங்கள் கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு முகாமிலும் தாய்ப்பாலூட்டத் தனி அறையும் துணைக்குக் கிராம சுகாதாரச் செவிலியரும் வேண்டும். பால்பவுடர் டின்களை எல்லோருக்கும் வழங்கக் கூடாது. அசுத்த நீரும் கழுவாத புட்டியும் வயிற்றுப்போக்கைத் தரும். மருத்துவர் பரிந்துரைத்த குழந்தைக்கு மட்டும், கொதித்த நீர் 70 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆறும் முன் அதில் கரைத்து, பிறகு ஆறவைத்து, பாலாடையில் புகட்ட வேண்டும்.

2. அங்கன்வாடி முகாமுக்குள்ளேயே இயங்க வேண்டும். விளையாட இடம் கிடைத்தால் குழந்தையின் பயம் தணியும். பெற்றோர் வீட்டையும் ஆவணங்களையும் மீட்கப் போக முடியும்.

3. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போக முடியாத தினக்கூலித் தொழிலாளிக்கு, தாயோ தகப்பனோ, அந்நாட்களின் கூலியை அரசு தர வேண்டும்.

4. தண்ணீர் குடிக்கலாமா, எப்போது வீடு திரும்பலாம் என்பதை ஓர் அலுவலர் தினமும் நேரில் வந்து சொல்ல வேண்டும்.

5. பெற்றோருக்கான மனநல ஆலோசனை, முகாம் மூடிய பிறகும் ஓராண்டு தொடர வேண்டும்.

கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலையங்கள் உள்ள மாநிலம் நமது. அங்குள்ள அவசரகாலத் திட்டங்களிலும் இக்கோரிக்கைகள் இடம்பெற வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இவற்றை மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் சேர்க்குமாறு நீலகிரி மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறோம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளைக் கணக்கெடுக்கும் பணியில் எங்கள் உறுப்பினர்கள் துணை நிற்பார்கள்.